துண்டின் மறுமுனை

ஜூன் 3, செவ்வாய்

நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய தேதி நேற்றே போய்விட்டது. கடல் உயிரிகள் பற்றிய தடிமனான புத்தகம், இன்னும் எண்பது பக்கம் இருக்கிறது. ஜெல்லிமீனுக்கு மூளையே கிடையாதாம், ஆனாலும் நீந்துகிறது. அண்ணனிடம் சொன்னேன். "அதான் அது நிம்மதியா நீந்துது. எனக்கு மூளையும் இருக்கு, கூடவே நீயும் இருக்க" என்றான்.

வீட்டில் இன்று முழுக்க அண்ணனின் நீச்சல் கோச் மேடத்தின் தோள்பட்டைப் பேச்சுதான். மூன்று மாதமாகவே வலி என்று சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது தோள் இறுகிவிட்டதாம். எடை எதையும் இழுத்துப் பிடிக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஜூலை ஆறாம் தேதி போட்டி. அண்ணனுக்குத் துண்டு பிடிக்க ஆள் இல்லை.

பின்னாளில் இதைப் படிக்கும்போது எனக்கே மறந்து போயிருக்கலாம். அதனால் விளக்கி எழுதி வைக்கிறேன். மற்ற நீச்சல் போட்டிகள் கரையிலிருந்து பாய்ந்து தொடங்கும். பேக்ஸ்ட்ரோக், அதாவது மல்லாந்து நீந்துவது மட்டும் தண்ணீருக்குள்ளேயே தொடங்கும். சுவரைப் பார்த்தபடி கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, பாதங்களைச் சுவரில் ஊன்றிக்கொள்ள வேண்டும். சத்தம் கேட்டதும் சுவரை உதைத்துப் பின்பக்கமாகப் பாய வேண்டும். அண்ணனுக்கு இரண்டு கைகளும் தோளோடு இல்லை. அவனுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, மொட்டைமாடியில் அவன் தூக்கிய இரும்புக் குழாய் மின்சாரக் கம்பியில் பட்டுவிட்டது. அப்போது நான் பிறந்திருக்கவில்லை. எனக்குத் தெரிந்த அண்ணன் எப்போதுமே இப்படித்தான். ஆகையால் அவன் ஒரு துண்டின் முனையைப் பல்லால் கடித்துக்கொள்வான். மறுமுனையைக் கரையில் ஒருவர் பிடித்திருப்பார். சத்தம் கேட்டதும் வாயைத் திறந்துவிட்டுப் போய்விடுவான்.

நான்கு வருடமாக அந்த ஒருவர் கோச் மேடம்தான்.

ஜூன் 5, வியாழன்

குளத்தில் ஆள் தேர்வு.

முதலில் அப்பா. பேக்கரியில் மாவு பிசைகிறவர்; அவருடைய முன்கை என் கெண்டைக்காலைவிடப் பெரிது. பலத்துக்குக் குறைவில்லை. ஆனால் சத்தக் கருவியை அழுத்தியதும் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு துள்ளு துள்ளினார். துண்டும் துள்ளியது. துண்டோடு அண்ணனும். மூன்று முறையும் இதே கதை. மூன்றாம் முறை அப்பாவின் கண்ணாடி கழன்று தண்ணீருக்குள் போக, அண்ணன் முங்கிக் கால்விரலால் இடுக்கிக்கொண்டு வந்தான்.

"ஏங்க, சத்தம்தானே போடுது, சுடவா செய்யுது?" என்றார் கோச் மேடம்.

"எனக்குத் தெரியுதுங்க. கைக்குத் தெரியலையே" என்றார் அப்பா, கண்ணாடியைத் துடைத்தபடி.

அம்மாவால் முடியாது. பல் ஆஸ்பத்திரியில் உதவியாளர் வேலை. போட்டி ஞாயிற்றுக்கிழமை, அன்றுதான் அங்கே கூட்டம்.

புத்தகத்தை மூடிவிட்டு எழுந்தேன். "நான் பிடிக்கட்டுமா?"

கோச் மேடம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ எத்தன கிலோ?"

"நாப்பத்திநாலு."

"அப்படியே தண்ணிக்குள்ள கூட்டிட்டுப் போயிடுவான்."

போகவில்லை. தொடக்க மேடையின் அடியில் ஒரு காலை முட்டுக் கொடுத்து, உடம்பைப் பின்னால் சாய்த்து நின்றேன். பத்து முறை. பத்து முறையும் என் கை ஓர் அங்குலம்கூட அசையவில்லை. நான் படிக்க உட்கார்ந்தால் வீடே இடிந்தாலும் அசைய மாட்டேன் என்று அம்மா திட்டுவாள். அது ஒரு தகுதியாகும் என்று யார் கண்டது?

"இன்னிலேருந்து நீ என் தங்கச்சி இல்ல. கம்பம்" என்றான் அண்ணன். இதுவரை அவன் கொடுத்திருந்த பண்டிதை என்ற பட்டத்தைவிட இது பரவாயில்லை.

ஜூன் 9, திங்கள்

கோச் மேடத்திடம் விதிப்புத்தகத்தை இரவல் வாங்கினேன். நூற்றுப் பதினான்கு பக்கம். யாரும் பிரித்ததே இல்லை போலிருக்கிறது. பல பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. எனக்கு ஒரே ஆனந்தம்.

நீச்சல்காரர்களை இவருக்குக் கை இல்லை, இவருக்குக் கால் இல்லை என்று பிரிப்பதில்லை. தண்ணீருக்குள் அந்த உடம்பால் எவ்வளவு செய்ய முடிகிறது என்று பார்த்து ஒன்றிலிருந்து பத்து வரை வகுப்பு தருகிறார்கள். அண்ணன் ஐந்தாம் வகுப்பு. தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் ஒருவர் இங்கே பயிற்சிக்கு வருகிறார், அவருக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. அவரும் ஐந்தாம் வகுப்பு. அவர் கையால் மட்டும் நீந்துகிறார், அண்ணன் காலால் மட்டும். இருவரும் ஒரே போட்டியில்.

"நான் பத்தாவது, நீ அஞ்சாவதுதானா?" என்று அண்ணனைக் கேட்டேன்.

"என்ன பண்றது? வருஷா வருஷம் பெயில் போடறாங்க."

துண்டு பிடிப்பவரைப் பற்றி ஒரே ஒரு பத்தி. 'உதவியாளர் போட்டியாளரை நிலையாகப் பிடித்திருக்கலாம். எந்த விதத்திலும் உந்துதல் தரக் கூடாது.' அட்டையில் எழுதி ஜாமெட்ரி பெட்டி மூடிக்குள் ஒட்டிவிட்டேன்.

ஜூன் 14, சனி

இன்று ஒன்று கண்டுபிடித்தேன். மற்ற நீச்சல்களில் போகிறவரின் முதுகுதான் தெரியும். மல்லாந்து போகிறவரின் முகம், விட்டுவிட்டு வந்த இடத்தை நோக்கியே இருக்கிறது. வாயிலிருந்து துண்டு நழுவியதும் அண்ணனின் முகம் தண்ணீருக்குள் போய், சற்றுத் தள்ளி மேலே வந்து, என்னைப் பார்த்தபடியே சிறிதாகிச் சிறிதாகிப் போகிறது. அவன் வானத்தைத்தான் பார்க்கிறான், தெரியும். ஆனாலும் யாரையோ ரயிலேற்றிவிட்ட மாதிரி இருக்கிறது.

துண்டிலும் விஷயம் இருக்கிறது. புதுத் துண்டு ஆகாது, பல்லில் வழுக்கும். துவைத்துத் துவைத்து நைந்ததும் ஆகாது, கிழியும். இரண்டு வருடம் உழைத்த சின்னக் கைத்துண்டு, மூன்றாக மடித்தது, அதுதான் சரி. அம்மா அதைச் சோப்பில்லாமல் வெந்நீரில் அலசித் தருகிறாள்.

துண்டு பிடிக்காத நேரத்தில் கரையோரமாகவே நடந்து, அவனுடைய உதைகளை எண்ணிக் குறித்துக்கொள்கிறேன். இரண்டு கால்களையும் சேர்த்து மீன் வாலைப் போல உதைப்பான். மல்லாந்து வருகிறவருக்குச் சுவர் தெரியாது அல்லவா? அதனால் சுவருக்கு ஐந்து மீட்டர் முன்பாகத் தலைக்கு மேலே குறுக்காகக் கொடிகள் கட்டியிருக்கிறார்கள். கொடியைப் பார்த்ததிலிருந்து அண்ணனுக்கு ஒன்பது உதை. முதல் ஐந்தில் நுரை பொங்குகிறது. கடைசி நான்கில் நுரையே இல்லை.

ஏன்? கேட்க வேண்டும்.

ஜூன் 15, ஞாயிறு

கேட்டேன். "மூச்சு வாங்கும்ல?" என்றான்.

ஜூன் 22, ஞாயிறு

அண்ணன் வேலை முடிந்து வந்ததும் அம்மா அவனை நாற்காலியில் உட்கார வைத்து, டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தாள். கீழ் வரிசையில் ஒரு முன்பல் ஆடுகிறதாம்.

"எல்லாருக்கும் முப்பத்திரண்டு பல்லு. உனக்கு அதுதான்டா கையும். கொஞ்சமாவது பயம் இருக்கா?"

"உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது. எங்கள் பிரதிநிதி விரைவில் உங்களைத் தொடர்புகொள்வார்" என்றான் அண்ணன், வாயைத் திறந்தபடியே. பேருந்து நிறுவனத்தில் புகார் கேட்கும் வேலை அவனுக்கு. காதில் ஹெட்போன், கால் விரலால் தட்டச்சு. நாள் முழுவதும் அடுத்தவர் கோபத்தைக் கேட்டுக் கேட்டு அவனுக்குக் கோபமே வராமல் போய்விட்டது.

அம்மா அவன் தலையில் ஒன்று வைத்தாள். "போட்டி முடிஞ்சதும் டாக்டர்கிட்ட காட்டற. இல்லேன்னா துண்டுக்குப் பதிலா என்னைக் கடி."

தேசிய அணித் தேர்வுக்குப் போக வேண்டுமானால் ஐம்பது மீட்டரை 41.50 விநாடிக்குள் நீந்தியிருக்க வேண்டும். அண்ணனின் சிறந்த நேரம் 41.92. நான்கு வருடத்தில் 58-லிருந்து இதற்கு வந்திருக்கிறான். வயது இருபத்தைந்து. இதை விட்டால் அடுத்த தேர்வு இரண்டு வருடம் கழித்து. அதுவரை பல் இருக்குமா என்று அவன் விளையாட்டாகக் கேட்டான். யாரும் சிரிக்கவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

41.38!

கோச் மேடம் வலிக்கும் கையையே தூக்கிவிட்டார், அப்புறம் அலறினார். அண்ணன் எதிர்க்கரையில் தண்ணீருக்குள்ளேயே நின்று பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாவதாக வந்த தபால்காரர் கயிற்றைத் தாண்டி எட்டி அவன் தலையைத் தட்டிக்கொடுத்தார். அப்பா பேக்கரியிலிருந்து கேக் கொண்டு வந்தார். அதன் மேல் கிரீமில் 41.38 என்று அவரே எழுதியிருந்தார். எட்டு கொஞ்சம் சாய்ந்துவிட்டது. "எட்டுதான் கேக்குலயே எழுத முடியாத நம்பர்" என்று எல்லோரிடமும் விளக்கம் சொன்னார். அம்மா வேலை உடையோடு வந்து அவன் பல்லைத்தான் முதலில் பார்த்தாள். விழவில்லை.

இவ்வளவு சிரித்த அண்ணனை நான் பார்த்ததில்லை.

ஒன்றை எழுதவில்லை. நாளை எழுதுகிறேன்.

ஜூலை 7, திங்கள்

நான் தூக்கினேன்.

ஜூலை 8, செவ்வாய்

எழுதிவிட வேண்டும். எழுதினால்தான் எனக்கே சரியாகத் தெரியும்.

'தயார்' என்ற பிறகு சத்தம் வர வழக்கத்தைவிட நேரமானது. அண்ணன் தாடையை உயர்த்தி, முழு எடையையும் பல்லில் கொடுத்துத் தொங்கிக்கொண்டிருந்தான். துண்டு ஒரு மடிப்பு நழுவியது. எனக்கு அந்த ஆடும் பல் நினைவுக்கு வந்துவிட்டது. வழுக்கி விழப்போகிறவரைப் பிடித்து இழுக்கிற மாதிரி, வெடுக்கென்று மேலே இழுத்துவிட்டேன். ஒரு சாண் இருக்கும். அவனுடைய தோள்கள் தண்ணீருக்கு மேலே வந்தன. அந்த நொடியே சத்தம். மேலிருந்து பாய்ந்தான். தண்ணீரில் முதுகு படுவதற்குள் எவ்வளவு தூரம் போனான்! கோச் மேடம்கூடச் சொன்னார், "இன்னிக்கு ஸ்டார்ட் அபாரம்"னு.

எங்கள் பக்க நடுவர் மூன்றாம் தடத்துக்காரரின் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கல. யாருமே பார்க்கல. ஒருத்தர் பார்த்திருந்தாக்கூட எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்.

விதிப்புத்தகம் படிச்சது நான்தானே? அட்டையில எழுதி ஒட்டினது நான்தானே? இன்னிக்கு கணக்கு வகுப்புல ஜாமெட்ரி பெட்டியைத் திறக்கவே முடியல. பக்கத்து பெஞ்சுக்காரிகிட்ட காம்பஸ் கடன் வாங்கினேன்.

ஒரு சாணுக்கு எவ்வளவு நேரம்? தெரியவில்லை. 41.50-க்கும் 41.38-க்கும் இடையே 0.12 விநாடிதான்.

ஜூலை 10, வியாழன்

சொல்லிவிட்டேன்.

தினமும் காலையில் அண்ணனின் சட்டைக்கு நான்தான் பொத்தான் போடுவேன். மற்றதையெல்லாம் அவனே காலாலும் பல்லாலும் செய்துகொள்வான். பொத்தான் மட்டும் நேரமாகும். மேலிருந்து மூன்றாவது பொத்தானில் சொன்னேன். அவன் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று பொத்தானையே பார்த்துக்கொண்டு சொன்னேன்.

கடைசிப் பொத்தான் வரைக்கும் நின்றான். பிறகு மெல்லக் கேட்டான். "யாருகிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"அப்புறம் எங்கிட்ட ஏன் சொன்ன?"

"அண்ணா, அது தப்பு இல்லையா?"

"நீ கம்பம். கம்பம் பேசாது."

பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய்விட்டான். இவனுக்குக் கோபமே வராது என்று நான்தான் எழுதியிருக்கிறேன், ஜூன் 22-ஆம் தேதி.

ஜூலை 11, வெள்ளி

இன்று டி-ஷர்ட் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். பொத்தான் இல்லாதது.

ஜூலை 12, சனி

இன்றும் டி-ஷர்ட். "என்னடா இது, ஆபீஸ்ல சட்டைதானே போடணும்பாங்க?" என்று அம்மா கேட்டாள். வெயில் என்றான். வெளியே மழை.

ஜூலை 13, ஞாயிறு

காலையில் என் அறை வாசலில் வந்து நின்றான். சட்டை. பொத்தான் போடாமல்.

"புகார் எண் ஒண்ணு, விசாரணைக்கு எடுத்திருக்கோம். புகார்தாரர் குளத்துக்கு வரணும்."

பொத்தான் போட்டேன். இரண்டைத் தப்பாகப் போட்டு, கழற்றித் திரும்பப் போட்டேன். பொறுமையாக நின்றான்.

அவனுடைய யோசனை இது. அத்தனையும் என் மனப்பிரமை, ஒரு சாணால் ஒன்றும் ஆகிவிடாது என்று காட்டப் போகிறானாம். கோச் மேடத்திடம் நடந்ததைச் சொன்னான். அவர் நெற்றியைத் தேய்த்தார். "இது எனக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம். சரி, தெரிஞ்சு போச்சு. ஸ்டாப்வாட்ச் எங்க?"

பத்துத் தொடக்கங்கள். ஐந்தில் கம்பமாக நிற்க வேண்டும், ஐந்தில் ஒரு சாண் தூக்க வேண்டும். எதில் எது என்று நான் மட்டும் ஒரு தாளில் முன்பே எழுதி மடித்து வைத்துக்கொண்டேன். கோச் மேடம் பத்து மீட்டர் குறியில் நின்று, அந்தக் குறியை மட்டும் பார்த்து நேரம் எடுத்தார். அப்போதுதான் சோதனை நேர்மையாக இருக்கும். அறிவியல் பாடத்தில் படித்திருக்கிறேன்.

தாளைப் பிரித்துக் கூட்டிப் பார்த்தோம். தூக்கியபோது சராசரியாக 0.24 விநாடி குறைவு.

"ரெண்டு மடங்கு" என்றேன்.

"எனக்கும் கணக்கு தெரியும்" என்றான் அண்ணன்.

வெகு நேரம் குளத்தின் விளிம்பில் உட்கார்ந்து காலால் தண்ணீரை அளைந்துகொண்டிருந்தான். தலை துவட்டிவிடப் போனேன். துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "அன்னிக்கே பல்லுக்குத் தெரிஞ்சுது."

கை நின்றுவிட்டது.

"நீ சொல்லாம இருந்திருந்தா மறந்திருப்பேன்."

"மறந்திருப்பியா அண்ணா?"

"ட்ரை பண்ணிட்டுத்தானே இருந்தேன். நடுவுல நீ வந்து பொத்தான் போட்டுட்ட."

ஜூலை 14, திங்கள்

போட்டி நடத்திய நீச்சல் சங்கத்துக்குக் கடிதம் எழுதினான். கால் விரலால் அவனே தட்டச்சு செய்தான், ஆறு வரி. என்ன நடந்தது, எப்போது, எந்தத் தடம். 'தவறு என் உதவியாளருடையது' என்று ஓர் இடத்தில் வந்தது. அதை அழித்துவிட்டு 'தவறு எங்களுடையது' என்று மாற்றினான். நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பதற்காக அல்ல. நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன்.

வாயில் பேனாவைக் கவ்விக் கையெழுத்துப் போட்டான். அவனுடைய கையெழுத்து என்னுடையதைவிட அழகு. வயிற்றெரிச்சல்.

ஜூலை 16, புதன்

நூலகத்தில் தாமதக் கட்டணம் கேட்கவில்லை. "நீதானே, இங்கதான் இருக்கப் போற" என்றார் நூலகர். ஜெல்லிமீன் அத்தியாயம் முடிந்தது.

ஜூலை 21, திங்கள்

பதில் வந்தது. ஆட்சேபம் எதுவானாலும் போட்டி முடிந்த அரை மணி நேரத்துக்குள் தரப்பட வேண்டும். நடுவரின் முடிவே இறுதியானது. 41.38 செல்லும். 'தங்கள் நேர்மைக்கு நன்றி' என்று கடைசியில் ஒரு வரி.

சாப்பாட்டு மேசையில் நான்தான் உரக்கப் படித்தேன். அப்பா ரொட்டியைப் பிய்த்துச் சூப்பில் தோய்த்தார். "பாத்தியா! அவங்களே சொல்லிட்டாங்க. முடிஞ்சுது."

அண்ணன் ஸ்பூனைக் கால் விரலிலிருந்து கீழே வைத்தான். "ஆகஸ்ட் மூணாம் தேதி இன்னொரு போட்டி இருக்கு. தேர்வுப் பதிவுக்குக் கடைசி நாள் பத்தாம் தேதி. மூணாம் தேதி மறுபடி நீந்தறேன். நாப்பத்தொண்ணு அம்பதுக்குள்ள வந்தா போறேன். வரலேன்னா பேரை எடுத்துடறேன்."

"கிடைச்சதைத் திருப்பிக் குடுக்கறவனை இப்பதான் பாக்கறேன்" என்றார் அப்பா.

"பாத்தாச்சுல்ல? சூப் ஆறுது" என்றாள் அம்மா. பிறகு சமையலறைக்குப் போய், அலசவே தேவையில்லாத துண்டை மறுபடி அலசினாள்.

"இந்தத் தடவை வேற யாராவது பிடிக்கட்டும்" என்றேன்.

"சொன்னது யாரு?"

"நான்."

"அப்ப பிடிக்கறதும் நீதான்."

அவனுடைய உண்மையான நேரம் 41.62 ஆக இருந்திருக்கும், நான் கூட்டிப் பார்த்துவிட்டேன். பன்னிரண்டு நாளில் அந்த 0.12-ஐ எங்கிருந்து எடுப்பது?

ஜூலை 24, வியாழன்

கடைசி நான்கு உதை!

ஜூலை 26, சனி

நோட்டுப் புத்தகத்தைக் குளத்துக்கே எடுத்துப் போனேன். ஜூன் 14-லிருந்து முப்பத்தொரு முறை எண்ணியிருக்கிறேன். முப்பத்தொன்றிலும் கொடிக்குப் பிறகு ஐந்து உதை நுரையோடு, நான்கு நுரையில்லாமல்.

"மூச்சு வாங்குதுன்னு சொன்னேன்ல?" என்றான் அண்ணன்.

"மூச்சு வாங்கினா ஒரு நாள் முன்னாடி வாங்கணும், ஒரு நாள் பின்னாடி வாங்கணும். தினமும் ஆறாவது உதைல கரெக்டா எப்படி வாங்கும்?"

கோச் மேடம் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். "நாலு வருஷமா நானும் மூச்சுன்னுதான் நெனச்சிட்டிருந்தேன்" என்று அவனைப் பார்த்தார். "என்னடா?"

அண்ணன் அப்போதுதான் உண்மையைச் சொன்னான். கை இருப்பவர்கள் கையை நீட்டிச் சுவரைத் தொடுவார்கள். அவன் உச்சந்தலையால் தொட வேண்டும். நீச்சல் பழகிய முதல் வருடம் உதைகளைத் தப்பாக எண்ணி, முழு வேகத்தில் சுவரில் மோதிவிட்டான். இரண்டு தையல். அம்மாவிடம் குளியலறையில் விழுந்ததாகச் சொல்லியிருக்கிறான்.

"பயமெல்லாம் இல்ல. எனக்குத் தெரியுது, இடிச்சா ஒண்ணும் ஆகாதுன்னு. காலுக்குத்தான் தெரியல."

"அப்பா பிள்ளைதான்" என்றேன். கோச் மேடத்துக்குச் சிரிப்பு வந்து தோள் வலித்தது. அண்ணனும் சிரித்துவிட்டான்.

பிறகு எதிர்ச் சுவரருகே குப்புறப் படுத்து, அவன் தலை வந்து படும் இடத்தில் என் உள்ளங்கையை வைத்தேன். கை இருக்கிறது என்று தெரிந்ததும் கால் தன்பாட்டுக்கு உதைத்தது. ஒன்பதிலும் நுரை.

ஜூலை 29, செவ்வாய்

உள்ளங்கை சிவந்துவிட்டது. பேனா பிடிக்க வலிக்கிறது. அண்ணன் தலை நல்ல கெட்டி.

ஜூலை 31, வியாழன்

இன்று கையை எடுத்துவிட்டேன். சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன். முதல் முறை ஏழு உதை நுரையோடு. இரண்டாவது முறை ஆறு. மூன்றாவது முறை எட்டு.

ஒன்பது வரவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மேகமூட்டம். காற்றில்லை. கொடிகள் அசையாமல் தொங்கின. ஆறு பேர், அண்ணன் நான்காம் தடம், பக்கத்தில் தபால்காரர்.

அண்ணன் தண்ணீருக்குள் இறங்கியதும் துண்டைக் கொடுத்தேன். கடித்துக்கொண்டு மேலே பார்த்தான். வாய் நிறையத் துணி, பேச முடியாது. புருவத்தை மட்டும் ஒரு தரம் ஏற்றி இறக்கினான். இன்று நடுவர் எனக்கு இரண்டடி தள்ளி, என் கையைப் பார்த்தபடி நின்றார். அவர் நிற்காவிட்டாலும் பரவாயில்லை என்று தோன்றியது.

'தயார்.'

தாடையை உயர்த்தினான். எடை முழுவதும் என் கைக்கு வந்தது. சத்தம் வரவில்லை. இன்றும் வரவில்லை! துண்டு ஒரு மடிப்பு நழுவியது. என் இரண்டு கைகளும் இழு, இழு என்று கெஞ்சின. ஈரத் துணியில் அவன் பல் சறுக்குவது மறுமுனையில் என் விரலுக்குத் தெரிந்தது. கெட்டியாகப் பிடித்திருந்தேன். இழுக்கவில்லை. அவன் இரண்டு அங்குலம் கீழே இறங்கினான். இறங்கவிட்டேன்.

சத்தம்.

போய்விட்டான். நல்ல தொடக்கம் அல்ல. எல்லோருக்கும் கடைசியாகத்தான் மேலே வந்தான். முகம் என்னைப் பார்த்தபடி சிறிதானது. இருபது மீட்டரில் இரண்டு பேரைத் தாண்டினான். முப்பதில் இன்னொருவரை. பிறகு முகம் தெரியவில்லை, நுரை மட்டும். கொடிகளுக்கு அடியில் நுரை போனது. நான் உரக்கவே எண்ணினேன் போலிருக்கிறது, நடுவர் திரும்பிப் பார்த்தார். ஐந்து. ஆறு. ஏழு. எட்டு.

ஒன்பது.

பலகையைப் பார்க்கத் தைரியம் இல்லை. துண்டைப் பார்த்தேன். பல் தடம் இரண்டு இடத்தில் இருந்தது, நழுவுவதற்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. நடுவில் இரண்டு அங்குலம்.

எதிர்க்கரையில் தபால்காரர், "என்னங்க சத்தம் அது, சுவரு உடஞ்சுதா?" என்று எல்லோரையும் கேட்டாராம்.

மீதியைப் பிறகு எழுதுகிறேன். அம்மா ஐஸ்கட்டி எடுத்து வரச் சொல்லிக் கத்துகிறாள்.

ஆகஸ்ட் 9, சனி

அண்ணனின் உச்சந்தலை வீக்கம் பாதிக்கு மேல் வற்றிவிட்டது. ஞாயிறன்று ஸ்கேலை வைத்து அளந்தபோது நான்கு சென்டிமீட்டர் அகலம் இருந்தது, இன்று ஒன்றரை. குளியலறையில் விழுந்ததாக இந்த முறை யாரிடமும் சொல்லவில்லை. அலுவலகத்தில் யார் கேட்டாலும் தலையைக் குனிந்து காட்டுகிறானாம். ஆடும் பல்லுக்கு டாக்டர் ஏதோ கம்பி கட்டியிருக்கிறார். அடுத்த மாதத் தேர்வு வரை தாங்கும் என்று அம்மாவே சொல்கிறாள்.

இன்று கோச் மேடத்தின் அறையில் தேர்வுக்கான படிவத்தை நிரப்பினோம். நான் எழுத, அண்ணன் சொல்ல. 'சிறந்த நேரம்' என்ற இடத்தில் சங்கத்துக்காரர்களே 41.38 என்று அச்சிட்டு அனுப்பியிருந்தார்கள்.

"அதை அடிச்சிட்டு 41.46-ன்னு எழுது" என்றான்.

கோச் மேடம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "டேய், கம்மியா இருக்கறதுதான்டா நல்ல நேரம். எப்படியும் ரெண்டுமே அம்பதுக்குள்ளதானே இருக்கு?"

"தெரியும் மேடம்."

அவர் படிவத்தை என் பக்கம் நகர்த்தினார். ஜாமெட்ரி பெட்டியைத் திறந்து ஸ்கேலை எடுத்தேன். 41.38 மேல் நேராக ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 41.46 என்று எழுதினேன். அந்த இடத்தில் அவன் வாயால் சின்னதாக ஒரு கையெழுத்துப் போட்டான்.

அடுத்த வரி, 'உதவியாளர் பெயர்'.

"கம்பம்னு போடு" என்றான்.

என் முழுப் பெயரை, ஒவ்வோர் எழுத்தாக, தெளிவாக எழுதினேன்.